செவுள் பார்த்துச் சேர்த்த வீடு

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வரிசையில் ஒரு மீன் தலையோடு வந்துவிட்டது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். பிரான்சின் வடக்கே ஒரு துறைமுகத்து மீன் கம்பெனியில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். எங்கள் கைக்கு வரும் மீனுக்குத் தலை கிடையாது. கப்பலிலேயே வெட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு வருவது முண்டம்தான். தோலை உரித்து, முள்ளை எடுத்து, இரண்டு பாளமாக்கி, வெள்ளைப் பெட்டியில் அடுக்கித் தேதி ஒட்டுவோம். மீன் நல்லதா கெட்டதா என்பதை அந்தத் தேதிதான் சொல்லும். மீனைப் பார்த்து யாரும் சொல்வதில்லை.

தலையோடு வந்ததைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. கையுறையைக் கழற்றி, செவுளைத் தூக்கி, விரலை உள்ளே விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. குளிர் அறை வேலையில் என் விரல் நுனிகள் மரத்துப்போய் மூன்று வருடமாகிறது. மேஸ்திரி வந்து, "என்ன, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறாயா?" என்று பிரெஞ்சில் கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. கையுறை இல்லாமல் மீனைத் தொட்டதற்கு ஒரு எச்சரிக்கைத் தாள் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். அந்த மீனைக் கழிவுத் தொட்டியில் எறிந்தார்கள். அது செய்த குற்றம், அதற்குத் தலை இருந்தது.

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்து அந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிந்திருந்தது. புதுச்சேரியில் எங்கள் ஊரான குருசுக்குப்பத்தில் என்னைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு என்று தெரியும். பிரான்சில் சம்பாதிக்கிறவன் பெற்றவளை அநாதை மாதிரித் தள்ளிவிட்டுப் போய்விட்டான் என்பது ஒன்று. ஏசி அறை, கடல் பார்த்த ஜன்னல், ராணி மாதிரி வைத்திருக்கிறான் என்பது மற்றொன்று. இரண்டும் இல்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, முன்னே பின்னேதான் வரும்.

2

என் அம்மா பெயர் அஞ்சலை. எழுபத்து நான்கு வயது என்று ஆதார் அட்டை சொல்கிறது. அதைவிடக் கூட என்று அவள் சொல்கிறாள். நாற்பது வருடம் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்றவள். அப்பா போய் இருபது வருடம் ஆகிறது. கடலில் போகவில்லை, மஞ்சள் காமாலையில் போனார். நான் ஒரே பிள்ளை.

பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். சண்டை எதுவும் இல்லை. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மும்பையில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தேன். துபாயில் கம்பி கட்டினேன். ரீயூனியன் தீவில் கரும்பு லாரியில் கிளீனராக இருந்தேன். அங்கே தெரேஸைப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். அவளும் புதுச்சேரிக்காரிதான், தாத்தா காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிரான்சுக்கு வந்தேன். இதுவரை பதினான்கு அறைகளில் குடியிருந்திருக்கிறேன். கதவு பூட்டுமா, குழாயில் தண்ணீர் வருமா, இதற்கு மேல் எந்த அறையையும் நான் பார்த்ததில்லை. பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாமே.

அம்மா கிளம்ப முடியாத ஓர் அறையை நான் தேட வேண்டி வந்தது.

அவள் ஒருநாள் காலை குளித்துவிட்டு வரும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆறு மணிக்கு விழுந்தவளைப் பதினோரு மணிக்குத்தான் கன்னியம்மா சித்தி வந்து பார்த்தாள். சித்தி என்றால் உறவு இல்லை, மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்துக் கூடைக்காரி. முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டே உறவானவள்.

ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவிடம் போனில் கேட்டேன், "அஞ்சு மணி நேரம் கத்தாம கெடந்தியா? பக்கத்துலயே எத்தினி வூடு இருக்கு."

"கத்துனா எல்லாம் ஓடியாருவாங்க. துணியெல்லாம் நனைச்சிக்கினு கெடக்கறேன்டா. ஆம்பளப் பசங்க வந்து தூக்குவானுங்க. கன்னியம்மா வரட்டும்னு கெடந்தேன்."

இந்த ஐந்து மணி நேரத்தைத்தான் நான் அதன் பிறகு சுமந்துகொண்டு திரிந்தேன். கத்தினால் ஆள் வரும் இடம் அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. அவள் கத்தாமலே வருகிற ஆள் வேண்டும், அதுவும் அவள் கூச்சப்படாத ஆளாக இருக்க வேண்டும்.

இங்கே அழைத்துவர முயலாமல் இல்லை. அவள் பிறந்த சான்றிதழ் கேட்டார்கள். அவள் பிறந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை என்று எழுதினேன். எழுதி வைக்கவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் கேட்டார்கள். அதை வாங்கி அனுப்பியபோது முதல் தாள் காலாவதியாகியிருந்தது. அத்தோடு விட்டேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவளும், "அங்க வந்து தலையில்லாத மீனத் தின்னவா?" என்று முடித்துவிட்டாள்.

3

போன வருடம் ஆகஸ்டில் மூன்று வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். மூன்று வாரத்துக்கு மேல் ஒரு நாளும் நீட்ட முடியாது. பிரான்சில் தங்குவதற்கான என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கிற நாள் குறித்திருந்தார்கள். அந்தத் தேதி கிடைக்க நான்கு மாதம் கணினி முன்னால் தவம் கிடந்தேன். அதைத் தவறவிட்டால் அட்டை போகும், அட்டை போனால் வேலை போகும்.

அம்மா சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துப் பத்தடி நடக்கும் நிலையில் இருந்தாள். கன்னியம்மா சித்தி ராத்திரிகளில் வந்து படுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எழுபது ஆகிறது.

கம்பெனியில் தினமும் ஒரு தாளில் டிக் போட்டுப் பழகியவன் நான். அதுபோல ஒரு தாள் தயார் செய்தேன். கழிவறையில் கைப்பிடி, படுக்கைப் பக்கத்தில் மணி, சறுக்குப் பாதை, ராத்திரி நர்ஸ், லிஃப்ட், சுத்தம், வாடை. மொத்தம் ஆறு இல்லங்கள் பார்த்தேன். எந்த இடத்திலும் உட்கார்ந்து பேச முடியவில்லை. காபி கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே குடிப்பேன். ஓர் இல்லத்தில் ஒரு பெரியவர் என்னைப் புதிதாகச் சேர்ந்தவன் என்று நினைத்து, "மொத வாரம் அப்படித்தான் இருக்கும் தம்பி, அப்புறம் ஒக்காந்துடுவ" என்றார்.

ஈசிஆர் சாலையில் காலாப்பட்டு தாண்டி ஒரு வெள்ளைக் கட்டடம். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது அங்கேதான். தரையில் முகம் பார்க்கலாம். மேல் மாடியில் கடலைப் பார்த்த அறை. எனக்கு முதலில் பிடித்தது என்ன தெரியுமா? வாடையே இல்லை. கழிவறையில்கூட எலுமிச்சை வாசனை.

வீடியோவில் லினாவுக்குக் காட்டினேன். லினா என் மகள், பதினாறு வயது. "செ போ, அப்பா! அழகா இருக்கு, ஓட்டல் மாதிரி. வைஃபை இருக்கா கேளு" என்றாள். தன் ஆயாவுக்கு வைஃபை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தி என்னோடு பேசியதே பெரிது.

மேனேஜர் ஆங்கிலத்தில் அச்சடித்த பன்னிரண்டு பக்கத் தாளை வைத்தார். கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சிலுவை போட்டிருந்தது. வெளிநாட்டில் நான் கற்ற பெரிய படிப்பு அதுதான். சிலுவை இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவது. போட்டேன். முன்பணமும் கட்டினேன். வெளியே வந்து பஸ் ஏறும்போது ரொம்ப நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

4

வீட்டில் அம்மாவும் கன்னியம்மா சித்தியும் இருந்தார்கள். போனில் படங்களைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஜன்னல்ல இன்னாடா தெரியுது?"

"கடல்மா. காசு கூடக் குடுத்து கடல் பக்கமா ரூம் வாங்கியிருக்கேன்."

"நாள் பூரா கடலப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தா, எவனோ போனவன் திரும்பலன்னு அர்த்தம்டா. யாரு போயிருக்கா இப்ப?"

நான் பதில் சொல்வதற்குள் கன்னியம்மா சித்தி போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஏ அஞ்சல, இது அந்த வெள்ளக் கட்டடம்டி. நம்ம பொம்பளைங்க சாலையில மீனு கூவிக்கினு போனாலே வாட்ச்மேன் ஓடியாந்து வெரட்டுவானே. மீனு வாடை உள்ள வருதாம். அங்க சுத்த சைவம்."

"மீனே இல்லியா?"

"முட்டகூட இல்லடி."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்டா மணி, இடுப்புதான ஒடைஞ்சிது? நாக்கு நல்லாதான்டா இருக்குது!"

மறுநாள் மேனேஜரைப் பார்க்கப் போனேன். சுத்த சைவம் என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்ததைக் காட்டினார். அதன் கீழேயும் என் கையெழுத்து இருந்தது. தனியாகச் சமைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை.

"ரூம்ல கருவாடுகூட வெக்கக் கூடாது சார். இங்க இருக்கறவங்க எல்லாம் ஒரு மாதிரி பழக்கத்துல வளந்தவங்க. அம்மாவுக்கே சங்கடமா இருக்கும். அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"மீனு வித்தாங்க."

"ஓ" என்றார். தாளை மூடி வைத்தார். முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

அவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. வாடை இல்லை என்று டிக் போட்டவன் நான்தான். அந்தத் துறைமுக ஊரில், எங்கள் கட்டடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கவலை என்கிற சின்ன மீனைப் பொரித்தோம். மறுநாள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரொம்ப மரியாதையான பிரெஞ்சு. அன்றிலிருந்து துணிகளையெல்லாம் உள்ளறையில் பூட்டி, கதவடியில் ஈரத்துண்டு போட்டுவிட்டுத்தான் மீனை எண்ணெயில் போடுகிறோம். ஊரே மீன் தின்கிற துறைமுகம் அது. ஆனாலும் எங்கள் வாடை வேறாம். பத்து வருடத்தில் வாடை என்றாலே தப்பு என்று என் மூக்கும் ஒத்துக்கொண்டுவிட்டது.

லினாவிடம் சொன்னேன். "ஆனா அப்பா, மீன் இல்லன்னா என்ன ப்ராப்ளம்? நானும் சாப்பிடறதில்லையே" என்றாள். உண்மைதான். போன வருடத்திலிருந்து அவள் மீனும் கறியும் தொடுவதில்லை. கடல் பாழாகிறதாம், வகுப்பில் பாதிப் பேர் விட்டுவிட்டார்களாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "வயித்துல இன்னா கோளாறு கொழந்தைக்கு?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க எனக்குத் தெரியவில்லை.

பதினோரு நாள் மிச்சம் இருந்தது.

5

"நீ முன்வாசல்லயே பாக்கற" என்றாள் அம்மா அன்று சாயங்காலம். "முன்வாசல்ல எல்லாரும் பவுடர் போட்டுக்கினுதான் நிப்பாங்க. கன்னியம்மாகூடப் போ. பின்வாசல்ல கேளு."

மறுநாள் காலை சித்தியோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பக்கத்தில் நுழைந்ததும் செருப்புக் காலில் தண்ணீர் ஏறியது. சித்தி தன் பலகையில் சங்கராவையும் கானாங்கத்தையையும் பரப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்களிடம் சத்தமாகவே கேட்டாள், "அஞ்சலைக்கு ஹோம் பாக்கறோம்டி. எந்த ஹோமுக்கு எவ மீனு போடறீங்க? சொல்லுங்க."

அடுத்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது, மூன்று வாரம் தாளோடு அலைந்தாலும் தெரிந்திருக்காது. நான் பார்த்த ஆறில் நான்கு இல்லங்களுக்கு மீன் இங்கிருந்துதான் போகிறது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டேன்.

"அதுவா? சாயங்காலம் ஆறு மணிக்கு வருவான். மிச்சம் மீதி இன்னா இருக்குதுன்னுதான் கேப்பான். மீனு பேருகூடக் கேக்க மாட்டான்."

"ஐயோ, அங்க வாணாம். மாசத்துல ரெண்டு தரம்தான் வாங்கறான். வாங்கறதும் தலையும் வாலும்."

"அங்க சேட்டு மாதிரி ஒருத்தன் வருவான். பேரமே பேச மாட்டான். கேக்கற காசக் குடுத்துட்டுப் போவான்."

"அது நல்ல இடம்தானே?" என்று நான் கேட்டேன்.

சித்தி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "பேரம் பேசாதவன் மீனத் தொட்டுப் பாக்க மாட்டான்டா. அவன் காசு இல்ல, அவன் வாயில போற மீனும் இல்ல. அவனுக்கு நான் இன்னாத்தப் போடுவேன்னு நெனைக்கற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர்கள் நல்லவர்கள். எனக்கு ஊட்டி வளர்த்தவர்களும் இதில் இருக்கிறார்கள். பார்க்காதவனுக்குப் பழையதைப் போடுவது இந்தத் தொழிலில் திருட்டுக் கணக்கில் வராது.

அப்போது மூலையில் இருந்த ஒருத்தி, "சாரத்துல ஒரு ஹோம் இருக்குதே, அந்த பாயம்மா வருவாளே" என்றாள். உடனே மொத்த வரிசையும் கொதித்தது.

"அவளா! அவ பேச்சே எடுக்காத!"

"விடியக்காலையிலயே வந்து நிப்பா. ஒவ்வொரு மீனா செவுளத் தூக்கிப் பாப்பா. அமுக்கிப் பாப்பா. பன்னெண்டு கெழங்கட்டைக்கு வாங்கறதுக்கு பன்னெண்டு தரம் பேசுவா."

"போன வாரம் நேத்து மீனு ரெண்ட உள்ள சொருகினேன். சாரம் வரைக்கும் போனவ, திரும்பி நடந்து வந்து என் மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போறா. அந்த வெயில்ல!"

கன்னியம்மா சித்தி கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். "அவகிட்ட நான் நஷ்டப்படாத நாளே இல்ல" என்றாள். பலகையில் இருந்த மீன்மேல் தண்ணீர் தெளித்தாள். பிறகு, "அஞ்சலைய அங்கயே சேருடா" என்றாள்.

6

புதுச்சேரியிலேயே சாரம் பகுதியில் இருந்த அந்த வீட்டை என் தாளில் வைத்துப் பார்த்தால் பாதிக் கட்டம்கூடத் தேறாது. பழைய வீடு. லிஃப்ட் இல்லை, ஆனால் எல்லா அறையும் கீழேதான். இரண்டு பேருக்கு ஓர் அறை. கழிவறைக் கைப்பிடி ஆடியது. மணி சிலருக்கு வேலை செய்தது, சிலருக்கு இல்லை. தாழ்வாரம் முழுக்க வதக்கிய வெங்காய வாடை. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ், எல்லோரும் மதாம் என்று கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு கிழவர் அங்கே இருந்தார். நான் மதாமிடம் பேசிய பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, "இது பிரெஞ்சு இல்ல, மீன் பொட்டியில ஒட்டற லேபிள்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

எனக்குத் திருப்தி இல்லை. ராத்திரி நர்ஸ் இருக்கிறாரா என்று கேட்டால், "நான்தான் இருக்கேன்" என்றார் மதாம். நீங்கள் தூங்கிவிட்டால் என்று கேட்டேன். "மெஹருன்னிசா இருக்கா. அவ தூங்கறத நான் பாத்ததில்ல."

மெஹருன்னிசாதான் அந்த பாயம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சமையல்காரர் என்று பெயர், ஆனால் வீடே அவர் சொல்படிதான் நடந்தது.

மறுநாள் அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். அவள் முன்பக்க வரவேற்பறையில் உட்கார மறுத்தாள். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். மெஹருன்னிசா குழாயடியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

"நீயா?" என்றார் மெஹருன்னிசா. "ரமலான் மாசத்துல எனக்குச் செத்த வவ்வாலு மீனு குடுத்தவதான நீ?"

"எல்லா வவ்வாலும் செத்துதான்டி வரும். உசுரோட நீந்தியா வரும்?"

"ரெண்டு நாளு முன்னால செத்தது. மறந்துடுவேனா? பத்து வருசம் ஆனாலும் மறக்க மாட்டேன்."

"காசத் திருப்பிக் குடுத்தேனா இல்லியா?"

"குடுத்த. திட்டிக்கினே குடுத்த."

அம்மா குனிந்து பாத்திரத்தில் இருந்த ஒரு சங்கராவைப் பார்த்தாள். குனிய முடியவில்லை. மெஹருன்னிசா அந்த மீனை எடுத்து, அவள் கைக்கு எட்டும்படி தூக்கிப் பிடித்தார். அம்மா செவுளைத் தூக்கினாள். உள்ளே ரத்தச் சிவப்பு. கையைக் கழுவினாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னேன், "கைப்புடி ஆடுதுமா. மணி அடிக்கல. நீ விழுந்தா..."

"அவ அடுப்படிக்கும் கக்கூசுக்கும் எத்தினி அடி?"

"பத்து, பன்னெண்டு."

"அது போதும். கைப்புடிய நீ மாட்டு. மீனுல ஒண்ணும் தெரியல, ஆணியாவது அடி."

கடைசி மூன்று நாட்கள் டிரில்லிங் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சாரம் வீட்டில் வேலை செய்தேன். மூன்று கழிவறைகளுக்கும் கைப்பிடி மாற்றினேன். பன்னிரண்டு மணிகளுக்கும் ஒயர் இழுத்து அடுப்படியில் ஒரு சுவிட்சுப் பலகை வைத்தேன். அந்த மூன்று நாள்தான் என் கால் ஓர் இடத்தில் நின்றது.

கிளம்பும் நாள் காலை அவளை அங்கே விட்டேன். அவள் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "போ, தேதி போயிடப் போவுது" என்றாள். பெரிய பையில் சேலைகள், சின்னப் பையில் அவள் மீன் வெட்டும் கத்தி. கத்தியை மதாம் வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டார்.

7

அதன் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத மாட்டேன். முதல் வாரம் அவள் என் போனை எடுக்கவில்லை. "வூட்டுக்குப் போவணும்" என்று மூன்று நாள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாக மதாம் சொன்னார். அறையில் கூட இருக்கும் பாட்டி ராத்திரி முழுக்க இருமுகிறார். வெயில் காலத்தில் அறை வேகிறது. குருசுக்குப்பத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுகிறேன். மெஹருன்னிசாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த இல்லம் என்ன ஆகும் என்று நினைத்தால் என்னால் உட்கார முடிவதில்லை. ஒரே ஒரு பொம்பளையின் மேல் நிற்கிற வீடு அது.

கார்த்திகை மழையில் அம்மா இன்னொரு தரம் விழுந்தாள். நான் மாட்டிய கைப்பிடியைப் பிடித்திருந்தும் வழுக்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. இதை அவள் எனக்குச் சொன்னதே இரண்டு வாரம் கழித்து.

"மணி அடிச்சியா?"

"எங்க அடிக்கறது. கை எட்டல."

"அப்புறம்?"

"நான் பின்கட்டுக்கு வர்ற நேரமாச்சி, இன்னும் காணமேன்னு அவளே வந்துட்டா. அடுப்புல கொழம்பு வெச்சிருந்தா. அது கொதிக்கறதுக்குள்ள வந்துட்டா."

துணியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள்.

"துணி அவதான் மாத்துனா. கதவச் சாத்திக்கினு. வேற யாரும் பாக்கல."

போன செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். எங்களுக்குக் காலை ஆறரை மணிக்கு இடைவேளை. ஊரில் அப்போது மணி பத்து. எச்சரிக்கைத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காபி மெஷின் பக்கத்தில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். தலையோடு மீன் வந்த கதையைச் சொன்னேன்.

"செவுளு பாத்தியா?"

"பாத்தேன். விரல்ல ஒண்ணும் தெரியல."

"விரலு எதுக்குடா? கண்ணு இருக்குது இல்ல? இன்னா நெறம்?"

யோசித்துப் பார்த்தேன். "சாம்பலா இருந்துச்சி."

"நாலு நாளு ஆயிருக்கும். திங்காத" என்றாள். "இரு, கன்னியம்மா வந்துட்டா."

அம்மா அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மெஹருன்னிசா மார்க்கெட்டுக்குப் போவதில்லை. கன்னியம்மா சித்தி பின்வாசலுக்கே கொண்டுவர வேண்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருப்பாள். அன்று அவள் போனைக் கட் செய்ய மறந்து மடியில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம். பாத்திரம் நகர்கிற சத்தம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. செவுளைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"இந்த ரெண்டையும் எடுத்துக்கினு போ" என்றது அம்மாவின் குரல்.

"ஏன்? இன்னா கொறை?"

"நேத்து மீனு. அடியில வெச்சி எடுத்தாந்திருக்க."

"அடிப்பாவி! ஒன்ன இந்த வூட்டுல கொண்டாந்து சேத்ததே நான்தான்டி!"

"அதுக்கு? நான் செத்த மீனத் திங்கணுமா?"

"எல்லா மீனும் செத்துதான்டி வரும்!"

மெஹருன்னிசா சிரிக்கிற சத்தம் கேட்டது. இங்கே இடைவேளை முடிந்த மணி அடித்துவிட்டது. மேஸ்திரி கதவருகில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன். பேரம் இன்னும் முடியவில்லை.